ஆறாம் வகுப்பு வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

ஆந்திரத்தின் ராமகுப்பம் பக்கத்தில் பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில், புழுத்தட்டு அடுக்கிய தாங்கியின் கால்கள் தண்ணீர்க் கிண்ணங்களுக்குள் நிற்பதைப் பார்க்கலாம். எறும்பு ஏறிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. முதலில் யாருக்குத் தோன்றியதோ, அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அந்த வீட்டில் வளரும் ஏழு வயதுப் பிள்ளை, கிண்ணத்தில் தண்ணீர் வற்றினால் ஓடிப்போய் ஊற்றுகிறது. புழு நான்கு முறை தோலுரிக்கும். உரிக்கும் நேரத்தில் இலையைத் தொடாமல் தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும். கடைசிப் பருவத்தில் அது இலை தின்னும் சத்தம் இரவெல்லாம் கூரையில் விழும் தூறலாகக் கேட்கும். அறையில் கொசுவர்த்தி ஏற்றினால் புழுவுக்கு ஆகாது. இவ்வளவும் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை.

அதே பிள்ளை காலையில் பள்ளிக்குப் போய், வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியைப் புத்தகத்தில் பார்த்து நோட்டில் வரைகிறது. முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று நான்கு படம், நான்கு அம்புக்குறி. அம்பு சரியாக இருந்தால் சிவப்பு மையில் ஒரு 'குட்'. வீட்டுத் தட்டில் ஊரும் புழுவும் இதே கதையைத்தான் சொல்கிறது என்பதை இணைத்துக் காட்ட, பெரும்பாலான வகுப்பறைகளில் ஆளில்லை. உரித்த தோல் எங்கே போகிறது, புழு தூங்குமா, கூட்டுக்குள் போன பிறகு மூச்சு விடுமா என்று அந்தப் பிள்ளைக்குள் கேள்விகள் இருக்கும். பள்ளிக்கூட வாசலில் செருப்போடு சேர்த்து அவற்றையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகப் பழகிவிடுகிறது.

குழந்தைகளிடம் படைப்பூக்கத்தையும் புதுமை காணும் திறனையும் வளர்க்க வேண்டும் என்று இன்று பேசாத ஆளில்லை. ஆனால், நம் நாட்டில் அதற்கென்று வகுத்த திட்டங்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து. மாணவர்களின் புதுமை எண்ணங்களுக்கு 10,000 ரூபாய் கொடுக்கும் இன்ஸ்பயர் மானக் விருது, ஆறாம் வகுப்பிலிருந்து. தேசியக் கல்விக் கொள்கை 2020 சொன்ன பத்து நாள் 'பை இல்லா' அனுபவக் கல்வி, ஆறு முதல் எட்டு வரை. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குப் பத்து வயதாக வேண்டும். தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றமும் ஆறு முதல் எட்டு வரைதான். நேஷனல் இன்னோவேஷன் பவுண்டேஷன் நடத்திய இக்னைட் போட்டி ஒன்றுதான் கீழ் வயது வரம்பு வைக்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்து வைத்திருந்தது.

ஐந்தாம் வகுப்பு முடியும் வரை பிள்ளை எழுதவும் படிக்கவும் கூட்டவும் கழிக்கவும் கற்றுக்கொண்டால் போதும், யோசிப்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் நம் கல்வித் துறைகளில் ஊறிக் கிடக்கிறது. அது தவறு என்பதுதான் என் வாதம். ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் தானாக இருக்கும் ஒன்றை நாமே அடக்கிவிட்டு, பதினோரு வயதில் லட்சக்கணக்கில் செலவு செய்து அதைத் திரும்ப வரவழைக்கப் பார்க்கிறோம்.

சொல்லிக் கொடுத்ததும் நின்றுபோகும் தேடல்

அமெரிக்க உளவியல் ஆய்வாளர் எலிசபெத் போனவிட்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2011-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பள்ளி சேரும் வயதை ஒட்டிய குழந்தைகளுக்குப் பல குழாய்களைக் கொண்ட ஒரு புதுப் பொம்மை கொடுத்தார்கள். ஒரு குழாயை இழுத்தால் கீச்சென்று சத்தம் வரும். இன்னொன்றில் விளக்கு எரியும், வேறொன்றில் இசை கேட்கும், மற்றொன்றின் உள்ளே கண்ணாடி ஒளிந்திருக்கும். சில குழந்தைகளிடம், 'இந்தப் பொம்மை இப்படித்தான் வேலை செய்யும், பார்' என்று கீச்சுச் சத்தத்தை மட்டும் செய்துகாட்டினார்கள். வேறு சிலரிடம் சொல்லித்தரும் பாவனையே இல்லாமல், கை தவறிப் பட்டதுபோல அதே சத்தத்தை எழுப்பினார்கள். முறையாகச் 'சொல்லிக் கொடுக்கப்பட்ட' குழந்தைகள் கீச்சுச் சத்தத்தையே திரும்பத் திரும்பச் செய்துவிட்டுச் சீக்கிரம் பொம்மையைக் கீழே வைத்துவிட்டார்கள். மற்றவர்கள்தான் நீண்ட நேரம் துழாவி விளக்கையும் கண்ணாடியையும் கண்டெடுத்தார்கள்.

இதை வைத்து ஆசிரியர் எதையுமே சொல்லிக்கொடுக்கக் கூடாது என்ற முடிவுக்கு வந்துவிட முடியாது. நீச்சல், வாய்ப்பாடு, எழுத்து இவையெல்லாம் சொல்லிக்கொடுத்துத்தான் வர வேண்டும். ஆனால், பெரியவர் முடித்து வைத்த இடத்தில் குழந்தை தேடலை நிறுத்திவிடுகிறது என்பதை ஒவ்வொரு தொடக்கப் பள்ளி ஆசிரியரும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 'இவ்வளவுதான்' என்று நாம் தொனித்துவிட்டால் குழந்தைக்கும் அது இவ்வளவுதான்.

அமெரிக்க உளவியலாளர் பால் டாரன்ஸ் 1968-லேயே, நான்காம் வகுப்பை ஒட்டிக் குழந்தைகளின் படைப்புச் சிந்தனை சரிவதாக எழுதினார். அவர் வகுத்த தேர்வுகளின் 2.7 லட்சத்துக்கும் மேற்பட்ட மதிப்பெண்களை ஆராய்ந்த கியுங் ஹீ கிம் 2011-ல் சொன்னது இன்னும் கவலை தருவது: 1990-க்குப் பிறகு மதிப்பெண்கள் தொடர்ந்து குறைந்துவருகின்றன, அதிலும் மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரைதான் வீழ்ச்சி அதிகம். இந்தத் தேர்வுகள் படைப்பூக்கத்தைச் சரியாக அளக்கின்றனவா என்ற விவாதம் அறிஞர்களிடம் உண்டு. அமெரிக்கக் கணக்கை அப்படியே நம் ஊருக்குப் பொருத்தவும் முடியாது. என்றாலும், சரிவு ஆறாம் வகுப்புக்கு வெகு முன்னாலேயே நடந்துவிடுகிறது என்ற செய்தியை ஒதுக்கிவிட்டு, திட்டத்தை மட்டும் ஆறாம் வகுப்பில் தொடங்குவதில் என்ன பொருள்?

இந்த மண்ணில் பிறந்த யோசனை

ராமகுப்பத்தை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், குப்பம் சட்டமன்றத் தொகுதிக்குள் இருக்கும் மண்டலம் அது. ஒரு பக்கம் கர்நாடகத்தின் கோலார் சீமை, மறுபக்கம் தமிழ்நாடு. நந்தி மலையில் பிறந்து வரும் பாலாறு ஆந்திரத்துக்குள் ஓடும் 33 கிலோமீட்டரும் இந்தப் பகுதியில்தான். பிறகு அது வாணியம்பாடி பக்கம் இறங்கி நம்முடையதாகிறது. கௌண்டின்ய சரணாலயத்து யானைகள் ராகிக் கொல்லைக்குள் இறங்குவதும் இங்கே வாடிக்கை. வீட்டுக்கு வீடு தெலுங்கு, தமிழ், சந்தைக்குப் போனால் கன்னடமும். பின்தங்கிய பகுதி என்று அரசுக் கோப்புகள் சொல்லக்கூடிய இந்த எல்லைச் சீமையையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துப் பார்த்தால், இந்தியத் தொடக்கக் கல்வியில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் எழுந்த மிகச் சிறந்த யோசனைகள் சில இங்கேதான் முளைத்திருக்கின்றன.

டேவிட் ஹார்ஸ்பரோ என்ற ஆங்கிலேயர், 1972-ல் கோலார் மாவட்டம் ராயல்பாட்டில் 'நீல் பாக்' என்ற சிறு பள்ளியைத் தொடங்கினார். அதற்கு முன் மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷிவேலிப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். நீல் பாக்கில் தேர்வு கிடையாது, தண்டனை கிடையாது, போட்டியும் கிடையாது. கிராமத்துப் பிள்ளைகள் வயது வித்தியாசம் இல்லாமல் ஒன்றாக உட்கார்ந்தார்கள். கணக்கும் மொழியும் படித்த அதே கையால் தச்சு வேலை, தையல், மண் வேலை எல்லாம் செய்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் போகலாம். 1984-ல் ஹார்ஸ்பரோ மறைந்தார். பள்ளி சிறியதுதான், ஆனால், அங்கே வந்து பார்த்துப் பழகிப்போன ஆசிரியர்கள் அந்த யோசனையை வெகுதூரம் கொண்டுபோனார்கள்.

அவர்களில் பத்மநாப ராவ், ரமா தம்பதி முக்கியமானவர்கள். ரிஷிவேலியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தியபோது அவர்கள் முன்னே நின்ற சிக்கல், இன்றும் ராமகுப்பம் போன்ற இடங்களில் நிற்கிற அதே சிக்கல்தான்: ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு. ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தால் மற்ற நான்கும் சும்மா இருக்கும். இதற்கு அவர்கள் கண்ட விடை, பாடப் புத்தகத்தைப் பிரித்துச் சிறு சிறு அட்டைகளாக்குவது. அட்டைகளில் படம், அடையாளச் சின்னம். சுவரில் ஒரு 'கற்றல் ஏணி'. தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளையே பார்த்து, அடுத்த அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். சிலவற்றைத் தனியாகச் செய்யும், சிலவற்றை நண்பனோடு, சிலவற்றுக்கு ஆசிரியரிடம் வரும். ஆசிரியர் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார். அட்டைகளுக்குள் அந்த ஊர்க் கதைகளும் பாட்டும் விடுகதையும் வந்தன.

ஓராசிரியர் பள்ளியின் வறுமையைச் சமாளிக்கக் கண்டுபிடித்த வழி, எல்லாப் பள்ளிகளுக்கும் உதவும் வழியாக மாறியது. 1995-ல் மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவன கோட்டையில் 'நலி கலி' என்ற பெயரில் அது கர்நாடக அரசுப் பள்ளிக்குள் நுழைந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார், மாநகராட்சி ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அனுப்பிப் பழக்கி, முதலில் 13 பள்ளிகளில் அதைத் தொடங்கினார். அதற்கு முன் வேலூர் ஆட்சியராக இருந்தபோதே இந்த முறை அவர் கவனத்துக்கு வந்திருந்தது. நம் ஆசிரியர்கள் 'ஏபிஎல்' என்று சொல்லும் செயல்வழிக் கற்றல் அதுதான். 2007-ல் தமிழ்நாடு முழுவதும் பரவியது. கரும்பலகை பிள்ளையின் உயரத்துக்கு இறங்கியது. ஆசிரியரின் நாற்காலி ஓரத்துக்குப் போனது. ஒவ்வொரு பிள்ளைக்கும் சுவரில் தனக்கென்று ஒரு கட்டம் கிடைத்தது. இன்று நினைத்தாலும் அந்தக் காட்சி எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஓர் அரசுப் பள்ளியில், ஒரு தலித் கூலித் தொழிலாளியின் மகள் எழுந்து போய், யாரிடமும் அனுமதி கேட்காமல் தனக்கு வேண்டிய அட்டையைத் தானே எடுத்துக்கொள்கிறாள் என்பது சாதாரண மாற்றமா?

பிறகு என்ன ஆனது? ரிஷிவேலியில் அட்டையை எழுதியவர்களே அதைத் திருத்தினார்கள், ஊருக்கு ஏற்ப மாற்றினார்கள். நம் ஊருக்கு வந்தபோது அட்டை அச்சாகி மேலிருந்து வந்தது. ஆசிரியர் அதை மாற்ற முடியாது. பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று பதிவேட்டில் குறிப்பதே பல இடங்களில் முதல் வேலையானது. ஆய்வுக்கு அதிகாரி வந்தால் பதிவேட்டைப் பார்த்தார். பிள்ளையிடம் பேசினாரா என்பது அவரவர் குணத்தைப் பொறுத்தது. அட்டை கிழிந்தது, புது அட்டை வரவில்லை. அடுத்த அரசு, அடுத்த செயலர், அடுத்த திட்டம். 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அதிலும் பாட்டு, பொம்மை, களம் எல்லாம் இருக்கின்றன. கூடவே செயலியில் ஏற்ற வேண்டிய மதிப்பீடுகளும்.

நான் எந்தத் திட்டத்தையும் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. பிள்ளைக்குச் சுதந்திரம் தரும் முறையை, ஆசிரியருக்குச் சுதந்திரம் தராத நிர்வாகத்தால் நடத்த முடியாது என்பதைத்தான் இந்த இருபது ஆண்டு அனுபவம் எனக்குச் சொல்கிறது. தன் மூளையைப் பயன்படுத்த இடமில்லாத ஆசிரியர், பிள்ளை மட்டும் மூளையைப் பயன்படுத்தட்டும் என்று எப்படி விடுவார்? சில ஆண்டுகளுக்கு முன் ஆந்திரத்தில் பள்ளிக் கழிப்பறையைப் படமெடுத்துச் செயலியில் ஏற்றும் வேலைகூட ஆசிரியர் தலையில் விழுந்தது. அதை எதிர்த்து அவர்கள் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். இரண்டு பேர், ஐந்து வகுப்பு, மதிய உணவுக் கணக்கு, செயலி. இதற்கு நடுவில் ஒரு பிள்ளை 'ஏன் சார்?' என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு நேரம் ஒதுக்குவது வீரச்செயல்தான்.

குடிவங்காவில் ஒரு மலை

இதே குப்பம் தொகுதியில், குடுப்பள்ளி மண்டலத்துக் குடிவங்காவில் அகஸ்தியா அறக்கட்டளையின் வளாகம் இருக்கிறது. லண்டனில் வங்கி வேலையில் இருந்த ராம்ஜி ராகவன், வேலையை விட்டுவிட்டு வந்து 1999-ல் தொடங்கிய அமைப்பு. அவரும் ரிஷிவேலியில் படித்தவர். அணுசக்தி ஆணையத்தின் முன்னாள் தலைவர் பி.கே.ஐயங்கார் போன்ற விஞ்ஞானிகள் துணை நின்றார்கள். ஆந்திர அரசு கொடுத்த 172 ஏக்கர் நிலம் அன்று மொட்டைப் பாறைக் குன்று. மரம் நட்டு, மழைநீரைப் பிடித்து, அதைச் சோலையாக்கினார்கள். அறிவியல் கூடங்கள், வானியல் கூடம், 2017-ல் திறந்த ராமானுஜன் கணிதப் பூங்கா எல்லாம் அங்கே இருக்கின்றன. வளாகத்துக்கு வர முடியாத பள்ளிகளுக்குச் சோதனைக் கருவிகளை ஏற்றிக்கொண்டு வண்டிகள் போகின்றன. மோட்டார் சைக்கிளில் ஆய்வகத்தைக் கட்டிக்கொண்டு போகும் அவர்களுடைய திட்டத்துக்கு 2013-ல் கூகுள் நிறுவனத்தின் விருது கிடைத்தது.

என்னை அங்கே அதிகம் கவர்வது கருவிகளைவிட ஒரு பழக்கம். பிள்ளைகளையே பயிற்றுநர்களாக்கி, அறிவியல் கண்காட்சிகளில் மற்றப் பிள்ளைகளுக்கு விளக்கவைக்கிறார்கள். கூச்சப்பட்டுப் பேசாத கிராமத்துச் சிறுமி, தன்னைவிடப் பெரிய பையன்களுக்கு முன்னால் நின்று நெம்புகோலை விளக்குகிறாள். தெரியாத கேள்வி வந்தால், தெரியவில்லை என்று சொல்லிவிட்டுத் தேடிப் போகிறாள். இந்தத் துணிவு, புதுமைக்கு விஞ்ஞான அறிவைவிட முந்தித் தேவைப்படுவது.

ஆனால், அகஸ்தியாவின் வேலையும் பெரும்பாலும் பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளிடம்தான். அவர்களுக்கும் அதற்கான காரணம் இருக்கும். நாடு முழுக்கத் திட்டமெல்லாம் ஆறாம் வகுப்பில் தொடங்குகையில் ஒரு தொண்டு அமைப்பை மட்டும் கேட்பது நியாயமில்லை. இருந்தும் கேட்கிறேன். ஹார்ஸ்பரோவின் ராயல்பாடு ஒரு பக்கம், ரிஷிவேலி ஒரு பக்கம், குடிவங்கா ஒரு பக்கம் என்று சுற்றிலும் வழிகாட்டிகள் இருக்க, நடுவில் இருக்கும் ராமகுப்பத்து இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அதில் என்ன பங்கு கிடைத்தது?

'முதலில் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும்'

இந்த வாதத்துக்கு வழக்கமாக வரும் மறுப்பு நியாயமானது என்பதால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் அசர் ஆய்வின் 2024-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, கிராமப்புற அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 23.4 விழுக்காட்டினரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிகிறது. எழுத்துக்கூட்டவே தெரியாத பிள்ளைக்குப் புதுமையும் படைப்பும் ஆடம்பரமில்லையா என்று கேட்கிறார்கள்.

நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த சில்வியா ஆஷ்டன் வார்னர் இதே சிக்கலைச் சந்தித்தார். இங்கிலாந்திலிருந்து வந்த பாடப் புத்தகத்தின் சொற்கள் அந்தப் பிள்ளைகளுக்கு ஒட்டவில்லை. அவர் ஒரு காரியம் செய்தார். காலையில் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, 'இன்றைக்கு உனக்கு என்ன சொல் வேண்டும்?' என்று கேட்டார். பிள்ளை சொன்ன சொல்லைக் கெட்டி அட்டையில் பெரிதாக எழுதிக் கையில் கொடுத்தார். பேய், முத்தம் என்று வந்த சொற்களைப் பிள்ளைகள் ஒரே பார்வையில் கற்றுக்கொண்டார்கள், மறுநாளும் மறக்கவில்லை. 1963-ல் வெளிவந்த 'டீச்சர்' என்ற நூலில் இதையெல்லாம் அவர் எழுதியிருக்கிறார்.

ராமகுப்பத்தில் ஒரு பிள்ளையிடம் அப்படிக் கேட்டால், நேற்று ராத்திரி கொல்லைக்கு வந்த யானையைத்தான் கேட்கும். வேறொரு பிள்ளை தக்காளி விலை விழுந்ததைப் பற்றி அப்பா சொன்ன வசவுச் சொல்லைக்கூடக் கேட்கலாம். 'யானை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, 'அது எந்த வழியாக வந்தது, வரைந்து காட்டு' என்று சொன்னால், அங்கே படிப்பும் வரைபடமும் சூழலியலும் ஒன்றாகத் தொடங்கிவிடுகின்றன. 'யானை வராமல் இருக்க நீ என்ன செய்வாய்?' என்று அடுத்த நாள் கேட்கலாம். ஒரு பிள்ளை மிளகாய்ப் புகை போடலாம் என்னும், இன்னொன்று அகழி வெட்டலாம் என்னும், மூன்றாவது, யானைக்கென்று தனியாக ஒரு கொல்லை போட்டுவிடலாமே என்னும். மூன்றாவது பிள்ளையைப் பார்த்து வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்கும் வரை பொறுத்திருந்து, 'எவ்வளவு பெரிய கொல்லை வேண்டும்?' என்று கேட்கத் தெரிந்தவர்தான் ஆசிரியர். படிக்கக் கற்றுக்கொள்வதை அவர் ஒருநாளும் தள்ளிவைக்கவில்லை. படிப்பதற்குப் பிள்ளைக்கு ஒரு காரணத்தைக் கொடுக்கிறார்.

மொழியையும் இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கிறது. 2019-ல் அரசுப் பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்றும் ஆணையை ஆந்திர அரசு வெளியிட, அது உயர் நீதிமன்றத்தில் ரத்தாகி, பிறகு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. அதே காலத்தில் வந்த ஒரு நல்ல ஏற்பாட்டை மட்டும் குறிப்பிட வேண்டும்: ஒரு பக்கம் தெலுங்கு, எதிர்ப்பக்கம் ஆங்கிலம் என்று அச்சிட்ட இருமொழிப் பாடநூல்கள். சொல் தெரியாததால் யோசனை நின்றுவிடக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. அதை இன்னும் ஒரு படி கீழே இறக்கி, பிள்ளை முதலில் வீட்டு மொழியில் பேசட்டும், ஆசிரியர் பிறகு தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் காட்டட்டும் என்று விட்டால் போதும். தெரிந்த மொழியில்தான் ஆறு வயதுப் பிள்ளை 'ஒருவேளை இப்படி இருந்தால்?' என்று கேட்கும். தெரியாத மொழியில் அது 'யெஸ் மிஸ்' மட்டும்தான் சொல்லும்.

சனிக்கிழமையை எடுத்துக்கொள்வோம்

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன். ஓர் அடல் ஆய்வகத்துக்கு ஒன்றிய அரசு 20 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது. 30 பிள்ளைகளுக்குள் படிக்கும் அரசுப் பள்ளிக்குச் சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஆண்டுக்குக் கிடைக்கும் மொத்தப் பள்ளி மானியம் 10,000 ரூபாய். சுண்ணாம்பும் துடைப்பமும் சாக்பீஸும் பழுதுபார்ப்பும் அதற்குள்தான். தொடக்கப் பள்ளியின் புதுமைக்கென்று இந்த மானியத்தோடு இன்னொரு 5,000 ரூபாயைச் சேர்த்து, எதற்குச் செலவு செய்தாய் என்று ரசீதுக்கு ரசீது குடையாமல் ஆசிரியரிடம் விட்டுவிடலாம். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. எளிய பொம்மைகள் வழியே அறிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தா, மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தோடு பழகிய 1970-களின் இறுதியில், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து முக்கோணமும் கோபுரமும் வீடும் செய்யும் முறையை உருவாக்கினார். நாற்கரத்தை அமுக்கினால் சாய்கிறது, முக்கோணம் சாயவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை தன் விரலால் அதைத் தெரிந்துகொள்கிறது. செலவு சில ரூபாய்.

நேரம் இல்லை என்பார்கள். சட்டப்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் மொத்தம் 40 மணியைத் தாண்டாது; இருபதில் ஒரு பங்கு. ஆந்திரத்தில் சனிக்கிழமையைப் பை இல்லா நாளாக அறிவித்திருக்கிறார்கள். அறிவிப்போடு நின்றால் அது ஓட்டப்பந்தயமும் பாட்டுப் போட்டியும் நடக்கும் நாளாகிவிடும். அவையும் வேண்டியவைதான். ஆனால், அந்தச் சனிக்கிழமையில் ஒரு மணி நேரம் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு என்று எழுதிவைத்தால் என்ன?

பள்ளிச் சுவரில் பழைய காலண்டரைத் திருப்பி ஒட்டி, வாரம் முழுக்கப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை ஆசிரியரே அதில் எழுதலாம். எழுதத் தெரிந்த பிள்ளை தானே எழுதும். சனிக்கிழமை அதில் ஒன்றைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். மழை இல்லாத மாதத்தில் பாலாற்று மணலைத் தோண்டினால் எவ்வளவு ஆழத்தில் ஈரம் வருகிறது என்று பார்க்க ஒரு குச்சியும் நூலும் போதும். ராகி எத்தனை நாளில் முளைக்கிறது, உப்புத் தண்ணீரில் போட்டால் முளைக்குமா என்று நான்கு கொட்டாங்கச்சியில் விதைத்துப் பார்க்கலாம். சோதனை தோற்றால் தோற்கட்டும். ராகி முளைக்காத கொட்டாங்கச்சியைத் தூக்கி எறியாமல் ஜன்னலில் வைத்திருக்க வேண்டும். ஏன் முளைக்கவில்லை என்பது அடுத்த சனிக்கிழமைக்கான கேள்வி. இதற்கு மதிப்பெண் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், படமெடுத்துச் செயலியில் ஏற்றவும் வேண்டாம். போட்டி என்று வைத்தால் தெர்மாகோல் வாங்கி அப்பாதான் மாதிரி செய்துகொடுப்பார்; அது நாம் எல்லோரும் அறிந்த கதை.

எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. செயல்வழிக் கற்றலில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழன்ற ஆசிரியர்கள் திருப்பத்தூரிலும் வேலூரிலும் கிருஷ்ணகிரியிலும் இருக்கிறார்கள். எது பிடித்தது, எது வெறும் பதிவேடாகிப்போனது என்று அவர்களைப் போலச் சொல்ல வேறு யாராலும் முடியாது. குப்பத்திலேயே 1997-ல் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தென் மாநிலங்களின் ஒத்துழைப்போடு மொழிகளுக்கென்று உருவான பல்கலைக்கழகம் அது. மூன்று மாநிலத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை விடுமுறையில் ஒரு வாரம் அங்கே கூட்டிவைத்து, தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் பேசவிடுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. அதிகாரிகள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். குடிவங்காவிலிருந்து புறப்படும் அறிவியல் வண்டியையும் வாரத்துக்கு ஒரு நாள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அனுப்பும்படி சித்தூர் மாவட்டக் கல்வி நிர்வாகம் முறைப்படி கேட்க வேண்டும். ராமகுப்பம் மண்டலத்தின் தொடக்கப் பள்ளிகளில் அடுத்த ஜூன் மாதமே இதைத் தொடங்கிவிடலாம்.